டெவலப்பரின் திறமையை எந்தத் தராசில் நிறுப்பது?

ஒருவருக்கு 170 மணி நேரம் ஆனது. இன்னொருவர் 6 மணி நேரத்தில் முடித்துவிட்டார். இருவருமே அனுபவம் உள்ள புரோகிராமர்கள். இருவருக்கும் கொடுத்தது ஒரே வேலைதான்: தாங்கள் எழுதிய நிரலில் இருக்கும் பிழைகளைத் தேடிச் சரிசெய்து ஓடவைக்க வேண்டும். 1960களில் அமெரிக்காவின் சான்டா மோனிகா நகரில், சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் நடந்த சோதனை அது. சாக்மன், எரிக்சன், கிராண்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1968-ல் அதை விரிவாக வெளியிட்டார்கள். 170-ஐ 6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28. நல்ல புரோகிராமர் மோசமான புரோகிராமரைவிட 28 மடங்கு வேகமானவர் என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது.

ஐ.டி. துறையில் இருப்பவர்கள் 'டென் எக்ஸ் டெவலப்பர்' என்ற சொல்லைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பத்துப் பேர் வேலையை ஒரே ஆள் செய்துவிடுவார், அந்த ஆளைப் பிடித்துவிட்டால் போதும் என்கிற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையின் வேர்களில் ஒன்று இந்த 28.

ஆனால் அந்தச் சோதனை ஆட்களின் திறமையை அளக்க நடத்தப்பட்டதே இல்லை. அன்றைக்கு இரண்டு விதமாகக் கணினியைப் பயன்படுத்தினார்கள். ஒன்று, நேரடியாக இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, தட்டியதும் பதில் வாங்குவது. இன்னொன்று, நிரலைக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை காத்திருப்பது. இதில் எது மேல் என்று பார்ப்பதுதான் நோக்கம். 12 பேரை வைத்துச் செய்தார்கள். ஒவ்வொரு கணக்கையும் பாதிப் பேர் நேரடியாகவும் பாதிப் பேர் காத்திருந்தும் செய்தார்கள். சிலர் உயர்நிலை மொழியில் எழுதினார்கள், சிலர் இயந்திர மொழியில் எழுதினார்கள். இத்தனை பேரையும் ஒன்றாகப் போட்டு, அதில் ஆகக் கடைசி ஆளையும் ஆக முதல் ஆளையும் எடுத்து வகுத்ததில் வந்ததுதான் 28. 1981-ல் டிக்கி என்பவர் இந்தக் கலப்பைச் சுட்டிக்காட்டினார். ஒரே மாதிரிச் சூழலில் வேலை செய்தவர்களை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 5 மடங்கு என்றார். 1999-ல் ஜெர்மனியைச் சேர்ந்த லூட்ஸ் பிரெச்செல்ட் இன்னும் நிறைய சோதனைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, அந்த 28 தவறானது, திசைதிருப்புவது என்று எழுதினார். வேகமான பாதிப் பேரையும் மெதுவான பாதிப் பேரையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு, மூன்று மடங்கோடு நின்றுவிடுகிறது.

இரண்டு மூன்று மடங்கும் சின்ன வித்தியாசம் இல்லை. திறமையில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது, அதை மறுக்கவே முடியாது. நான் சொல்ல வருவது வேறு. 170 மணி நேரம் எடுத்தவருக்கும் 6 மணி நேரம் எடுத்தவருக்கும் இடையே ஆள் மட்டும் வேறாக இருக்கவில்லை. கையில் இருந்த கருவி, உட்கார்ந்த இடம், எழுதிய மொழி எல்லாம் கணக்கில் கலந்திருந்தன. சூழலில் இருந்த வித்தியாசம், ஆளின் திறமையில் இருக்கும் வித்தியாசமாகப் பதிவாகிவிட்டது. சென்னையில் பத்து வருடத்துக்கும் மேலாக இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டெவலப்பர்களை எடைபோடுவதில் நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே தவறின் வெவ்வேறு வேஷங்கள்.

போர்டு முன்னால் நிற்கவைப்பது

ஒயிட்போர்டு இன்டர்வியூவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கர் பேனாவைக் கையில் கொடுத்து, "பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடுங்கள், எழுதும்போதே என்ன யோசிக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே வாருங்கள்" என்பார்கள். பைனரி ட்ரீ என்பது தரவுகளைக் கிளை கிளையாக அடுக்கிவைக்கும் ஓர் அமைப்பு. இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த மனிதர் ஒரு நாளும் இப்படி நின்றுகொண்டு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் இல்லாமல், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நிரல் எழுதப்போவதில்லை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. 48 மாணவர்கள். ஒரு பிரிவினர் வழக்கமான முறையில், ஆள் பார்த்துக்கொண்டிருக்கப் பேசிக்கொண்டே போர்டில் எழுதினார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே மாதிரிக் கேள்விதான், அதே போர்டுதான், ஆனால் அறையில் தனியாக விடப்பட்டார்கள். ஆள் பார்க்கிறார் என்ற ஒரே காரணத்தால் முதல் பிரிவினரின் செயல்திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தப் பிரிவில் இருந்த பெண்கள் ஒருவர்கூடத் தேறவில்லை. தனி அறையில் எழுதிய பெண்கள் எல்லோருமே தேறினார்கள். சின்ன ஆய்வுதான், இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் பதற்றத்தை அளந்துவிட்டு அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு அதற்கு முன்பே இருந்தது. இதைப் படித்த பிறகு அது போகவே இல்லை.

மேக் கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு ஹோம்ப்ரூ தெரிந்திருக்கும். மென்பொருள்களை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும் கருவி. அதை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல் 2015-ல் கூகுள் நேர்காணலில் தேறவில்லை. "உங்கள் பொறியாளர்களில் பெரும்பாலானோர் நான் எழுதியதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் போர்டில் பைனரி ட்ரீயைத் திருப்பத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டீர்கள்" என்ற பொருளில் அவர் கோபமாக ஒரு ட்வீட் போட, அது உலகம் முழுக்கச் சுற்றியது. பிறகு அவரே நிதானமாக எழுதியபோது, தனக்குக் கணினி அறிவியல் பல இடங்களில் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் மக்களுக்குப் பயன்படுகிற நல்ல பொருள்களைச் செய்கிறேன் என்றார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அல்காரிதம் தெரிந்தே ஆக வேண்டிய வேலைகள் உண்டு. தேடுபொறியின் உள்ளே வேலை செய்பவருக்கு அது தேவை. ஆனால் என்ன வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று முதலில் எழுதிவைக்காமல் கேள்வி கேட்கத் தொடங்கினால், விடை சரியா தவறா என்பதைத் தாண்டி எதுவுமே தெரியப்போவதில்லை.

கூகுளே இதில் ஒரு பாடம் கற்றிருக்கிறது. அங்கே மனிதவளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடைக்கலாம் என்பது போன்ற புதிர்க் கேள்விகள் முழுக்க நேர விரயம், அவற்றால் எதையும் கணிக்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கேள்வி கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற எண்ணம் வர மட்டுமே அவை உதவுகின்றன என்றும் சொன்னார். நம் ஊர் பேனல்களில் அந்தப் புதிர்கள் அதற்கப்புறமும் பல வருடம் ஓடின.

பால் சொசைட்டி கணக்கு

சரி, இதற்கு மாற்றாக என்ன செய்யலாம்? எங்கள் குழுவில் சில வருடங்களாகச் செய்வதைச் சொல்கிறேன். இதுதான் சிறந்த முறை என்று நிறுவ என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இதில் நான் பார்த்தவை போர்டின் முன்னால் ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

சுமார் 300 வரி பைத்தான் மொழி நிரல் ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு பால் கூட்டுறவு சங்கத்துக்கானது. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு தவிர்த்த திடப்பொருள் (எஸ்.என்.எஃப்.) எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பதிவாகும். பத்து நாளுக்கு ஒருமுறை கணக்குப் போட்டுப் பணம் கொடுக்க வேண்டும். அதோடு ஒரு புகார்ச் சீட்டும் கொடுப்போம். சங்கச் செயலாளர் எழுதியது மாதிரி இருக்கும்: "காலையில் ஊற்றிய பால் சில பேருக்கு முந்தின தேதியில் விழுகிறது. எல்லோருக்கும் அப்படி இல்லை. உறுப்பினர்கள் சண்டைக்கு வருகிறார்கள்." நாற்பது பதிவுகள் கொண்ட ஒரு தரவுக் கோப்பும் உண்டு. லேப்டாப், இணையம், முக்கால் மணி நேரம் எல்லாம் கொடுத்து அறையில் தனியாக விட்டுவிடுவோம். இருபதாவது நிமிடத்தில் கதவைத் தட்டி எல்லோருக்கும் ஒரே குறிப்பைச் சொல்வோம்: தப்பாக விழுந்த வரிகளின் நேரத்தை மட்டும் பாருங்கள். முடிந்த பிறகு அரை மணி நேரம் பேச்சு.

விஷயம் தெரிந்தவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 11-ம் தேதி காலை 5 மணிக்கு ஊற்றிய பால், சர்வரின் கணக்கில் 10-ம் தேதி இரவு 11.30. ஐந்தரைக்குப் பிறகு வந்தவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அதனால்தான் "சில பேருக்கு".

ஒருமுறை ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவருக்கு ஆறு வருட அனுபவம், பெரிய பெரிய பிராஜெக்ட்கள், பேச்சும் சரளம். பத்தே நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்து, அறிக்கை போடும் இடத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, "முடிந்தது" என்று வெளியே வந்தார். அறிக்கை சரியாகவே வந்தது. ஆனால் பணம் கணக்குப் போடும் பகுதி நேரத்திலிருந்து தேதியைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே அவர் கை வைக்கவில்லை. அறிக்கையில் 11-ம் தேதி, பட்டுவாடாவில் 10-ம் தேதி. இதைக் காட்டியபோது, "புகாரில் அறிக்கையைப் பற்றித்தானே இருக்கு" என்றார்.

இரண்டாவதாக வந்தவர் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்த பெண். இரண்டு வருட அனுபவம்தான். முதல் அரை மணி நேரம் ஒரு வரிகூட எழுதவில்லை. தப்பாக விழுந்த பதிவுகளின் நேரத்தை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து நாங்கள் போனபோது மாற்றம் பாதிதான் ஆகியிருந்தது. ஆனால் அவர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது: "சார், அஞ்சரைக்கு முன்னாடி ஊத்தின பால் மட்டும்தான் தப்பா விழுது. தேதியை மூணு இடத்துல வெட்டி எடுக்குறாங்க, மூணுலயும் மாத்தணும். ஒண்ணை முடிச்சுட்டேன். ஆனா ஒரு விஷயம் கேக்கணும் சார். போன பட்டுவாடால ஏற்கனவே பணம் குடுத்தாச்சுல்ல? 11-ந் தேதி காலைப் பால் அந்தப் பத்து நாள்லயே சேர்ந்து போயிருக்கும். இப்ப சரி பண்ணிட்டா அதே பாலுக்கு ரெண்டாவது தடவை பணம் போயிடாதா?"

அந்தக் கேள்வி எங்கள் மதிப்பெண் தாளில் எழுதிவைத்திருந்த எதிர்பார்ப்புகளைவிட ஒரு படி மேலே போனது. அடுத்த வாரமே தாளைத் திருத்தினோம்.

வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் முதலாமவர் பல மடங்கு மேல். போர்டு முன்னால் நிற்கவைத்திருந்தால் அந்தப் பெண் வாயே திறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். முதலாமவரும் திறமையற்றவர் இல்லை. காரணத்தை அவ்வளவு விரைவாகப் பிடிப்பதற்கு நல்ல அனுபவம் வேண்டும். அதற்கான மதிப்பெண்ணை முழுதாகக் கொடுத்தோம். ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது, மற்றவர்கள் எழுதிய பழைய நிரலுக்குள் போய், ஓடிக்கொண்டிருப்பதைக் கெடுக்காமல் மாற்றம் செய்கிற ஆள். டெவலப்பரின் நாளில் பெரும்பகுதி படிப்பதிலும் தேடுவதிலும்தான் போகிறது. புதிதாக எழுதுவது அதில் ஒரு சின்னத் துண்டு.

இதில் நியாயம் எங்கே வருகிறது என்றால், பாதி கேள்வியில், மீதி அதைச் சுற்றிச் செய்யும் ஏற்பாட்டில். பேனலில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கை முதலில் தாங்களே உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே குறிப்பு, அதே நிமிடத்தில். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிந்ததும் பேனலில் உள்ளவர்கள் பேசிக்கொள்வதற்கு முன்னால் தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும். மூத்தவர் "பையன் ஷார்ப்பா இருக்கான்" என்று ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களின் பேனா தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. ஆள் தேர்வு பற்றி ஒரு நூற்றாண்டாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, சாக்கெட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2022-ல் ஒரு மறுமதிப்பீட்டை வெளியிட்டார்கள். வேலையில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதோடு ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1, பொருத்தமே இல்லை என்றால் 0. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று திட்டமிட்டு நடத்தும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்தது. அதுதான் பட்டியலில் முதலிடம். மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.19. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.07. நம் விளம்பரங்களில் முதல் வரியில் நிற்பதோ அந்த அனுபவ வருடங்கள்தான். முதலிடத்தில் இருப்பதற்கே 0.42தான் என்பதையும் மறக்கக் கூடாது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தவறு நடக்கும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அசைன்மென்டையும் நாங்கள் முயன்று பார்த்தோம். நான்கு மணி நேர வேலை என்று சொல்லிக் கொடுத்தோம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து மெருகேற்றிக் கொண்டுவந்தான். கைக்குழந்தையோடு இருந்த ஒருவர், குழந்தை தூங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்குத் தொடங்கியதாகச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்து மதிப்பெண் போட என் கை வரவில்லை. நிறுத்திவிட்டோம்.

கேம்பஸ் வாசலில்

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த யாருக்கும் இந்த வரி மனப்பாடமாக இருக்கும்: பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவிகிதம், அரியர் இருக்கக் கூடாது. கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் வாசலிலேயே வைக்கும் வடிகட்டி அது. ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பிக்கும்போது ஏதோ ஒரு வடிகட்டி வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் பதினைந்து வயதில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் எடுத்த மதிப்பெண், இருபத்திரண்டு வயதில் நிரல் எழுதுவதைப் பற்றி என்ன சொல்லும்? அந்த மதிப்பெண்ணில் பள்ளிக்கூடம் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, வீட்டில் தனி அறை இருந்ததா என்பதும் இருக்கிறது.

அடுத்து வரும் ஆப்டிட்யூட் சுற்றும் புதிதில்லை. 1950களிலேயே ஐ.பி.எம். நிறுவனம் புரோகிராமர்களுக்கென்று ஒரு ஆப்டிட்யூட் தேர்வு வைத்திருந்தது. எண் வரிசை, உருவ ஒப்புமை, எண்கணிதக் கணக்குகள். இன்றைக்கும் ஏறக்குறைய அதே பாடத்திட்டம்தான். அந்த மதிப்பெண் பயிற்சி வகுப்பில் யார் நன்றாகத் தேறுவார்கள் என்பதை ஓரளவு சொன்னது. வேலையில் யார் நன்றாகச் செய்வார்கள் என்று கேட்டால் அதனால் பெரிதாக எதையும் சொல்ல முடியவில்லை.

2017-ல் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட முடிவு பலருக்கு நினைவிருக்கும். 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் 36,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, சரியான தர்க்கத்தில் நிரல் எழுத முடிந்தவர்கள் 4.77 சதவிகிதம் மட்டுமே என்றது. "95 சதவிகித இந்திய இன்ஜினியர்களுக்கு கோடிங் தெரியாது" என்று தலைப்புச் செய்தி ஓடியது. அந்த எண்ணை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்களின் நிரல் கம்பைல்கூட ஆகவில்லை என்றால், அது கவலைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்தச் செய்தி யாரைப் பற்றியது? நான் பேசிப் பார்த்த எத்தனையோ மாணவர்கள், செய்முறைத் தேர்வுக்கு முன்னால் இருபது நிரல்களை மனப்பாடம் செய்து, ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி, கையெழுத்து வாங்கியவர்கள். வாரத்தில் மூன்று மணி நேர லேப், ஒரு கணினிக்கு இரண்டு பேர். அவர்களுக்கு நிரல் என்பது எழுதிக் காட்டும் ஒரு பாடம். தப்பாக ஓடுவதைச் சரிசெய்து பார்த்த அனுபவம் கிடைக்கவே இல்லை. அந்த 4.77-ல் கல்லூரியின் மதிப்பெண் பெரும்பங்கு. அதை மாணவனின் தலையில் எழுதிவிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு

உள்ளே வந்துவிட்டால் அளவுகோல் மாறுகிறது, தவறு மாறுவதில்லை. எத்தனை வரி எழுதினார் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 1982-ல் ஆப்பிளில் லிசா கணினிக்கான குழுவில் வாராவாரம் எழுதிய வரிகளின் எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள். திரையில் உருவங்களை வரையும் பகுதியை எழுதிய பில் அட்கின்சன் அந்த வாரம் அதை முழுக்கத் திருத்தி, ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக்கி, அதே சமயம் சுமார் 2,000 வரிகளை நீக்கியிருந்தார். படிவத்தில் "-2000" என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இன்று வரிகளுக்குப் பதில் டிக்கெட் (பதிவுசெய்த ஒவ்வொரு வேலை), ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்குத் தரும் புள்ளி), கமிட் (சேமித்த ஒவ்வொரு மாற்றம்) எண்ணிக்கை. டான் நார்த் என்ற மென்பொருள் ஆலோசகர் 2023-ல் ஒரு சம்பவத்தை எழுதினார். அவர் வேலை செய்த ஒரு குழுவில் ஒருவரின் ஸ்டோரி பாயின்ட் எப்போதும் பூஜ்யம். வேலையைவிட்டு அனுப்பலாம் என்ற பேச்சு வந்தது. விசாரித்தால், அவர் தன் பெயரில் எதையும் எடுத்துக்கொள்ளாமல், நாள் முழுக்க ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து அவர்களுடைய வேலையைச் சேர்ந்து செய்துகொண்டிருந்தார். மற்றவர்களின் பாயின்ட்களில் எல்லாம் அவர் இருந்தார்.

நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இதே கதைக்கு வேறு முடிவு. எங்கள் டீமில் ஒரு சீனியர் பெண். ராத்திரி இரண்டு மணிக்கு சிஸ்டம் படுத்தால் முதலில் அவருக்குத்தான் போன் போகும். புதிதாகச் சேர்ந்தவர்களின் நிரல்களைப் பொறுமையாக ரிவ்யூ செய்து, இந்த இடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்தால் என்ன ஆகும் என்று பென்சிலால் படம் போட்டுக் காட்டுவார். அவர் மூடிய டிக்கெட்கள் குறைவு. அப்ரைசலில் பெல் கர்வ் வைத்திருந்தார்கள்; டீமில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று கட்டாயம் பிரித்தே ஆக வேண்டும். கீழ் ரேட்டிங் அவருக்குப் போனது. "உங்க நம்பர்ஸ் கம்மியா இருக்கு மேடம்" என்று மேனேஜர் சொன்னாராம். இரண்டு மாதத்தில் அவர் வேறு இடம் போய்விட்டார். அவர் தடுத்த விபத்துகளுக்கு எங்கேயும் டிக்கெட் திறக்கப்படவில்லை, அதனால் எண்ணவும் முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் இப்படிக் கட்டாயமாக வரிசைப்படுத்தும் முறையை 2013-ல் கைவிட்டது. பிறகு வேறு பல நிறுவனங்களும் கைவிட்டன.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், நிரல் போட்ட நாள்களுக்கு விழும் பச்சைக் கட்டங்களைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்களும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அலுவலக நிரலை வெளியே போட அனுமதி இல்லாதவருக்கும், வீட்டுக்குப் போனால் இரண்டாவது வேலை காத்திருக்கும் அம்மாவுக்கும் அங்கே கட்டம் வெள்ளையாகத்தான் இருக்கும்.

ஏஐ வந்த பிறகு

இப்போது கேட்கிறார்கள்: நிரலை ஏஐ எழுதிவிடும்போது இந்தச் சோதனைக்கு என்ன அர்த்தம்? எனக்கு இதில் குழப்பம் குறைவு. 2025-ல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் நல்ல அனுபவம் உள்ள 16 டெவலப்பர்களை வைத்து 246 வேலைகளில் ஒரு சோதனை நடத்தியது. சில வேலைகளுக்கு ஏஐ கருவிகள் அனுமதி, சிலவற்றுக்கு இல்லை. ஏஐ இருந்தால் 24 சதவிகிதம் வேகம் கூடும் என்று அந்த டெவலப்பர்கள் முன்பே கணித்தார்கள். முடித்த பிறகு 20 சதவிகிதம் கூடியதாக நம்பினார்கள். அளந்து பார்த்தால் 19 சதவிகிதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது. அந்தக் காலத்துக் கருவிகள், தங்களுக்கு நன்கு பழகிய நிரல்கள் என்ற சூழலில் வந்த முடிவு. வேறு இடத்தில் வேறு மாதிரி வரலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. கைதேர்ந்தவர்களாலேயே தங்கள் வேகத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, "உங்களுக்கு நீங்களே பத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள், பைத்தானில்?" என்று நேர்காணலில் கேட்டு வாங்கும் எண்ணை என்ன செய்வது?

பால் சொசைட்டி கணக்கில் இப்போது ஏஐ பயன்படுத்த அனுமதிக்கிறோம். காரணத்தை அது நொடியில் சொல்லிவிடுகிறது. அதனால் பேச்சின் எடையைக் கூட்டிவிட்டோம்: இந்த மாற்றத்தை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள், எதை நிராகரித்தீர்கள், நாளைக்கு சர்வரை இந்திய நேரத்துக்கு மாற்றினால் இது என்ன ஆகும், கொடுத்து முடித்த பட்டுவாடாவை என்ன செய்யலாம்? தான் புரிந்துகொண்டு எடுத்த முடிவா, எங்கிருந்தோ வந்து விழுந்ததா என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு வேலை உண்டு, இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஆளை எடுத்து ஒரு வருடம் கழித்து, அன்று போட்ட மதிப்பெண் தாளை எடுத்து, இன்றைக்கு அவருடன் வேலை செய்கிறவர்கள் சொல்வதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நாங்கள் முதன்முறையாக அப்படி உட்கார்ந்தபோது மேசையில் பதினான்கு தாள்கள் இருந்தன. புள்ளிவிவரம் என்று சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கை இல்லை. ஆனாலும் ஒரு கட்டம் எல்லோர் கண்ணிலும் பட்டது. 'தகவல் தொடர்பு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். அதில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களின் பட்டியலும், சக ஊழியர்கள் "இவர் விளக்கிச் சொன்னால் புரியும்" என்று சொன்னவர்களின் பட்டியலும் சேரவே இல்லை. தாள்களின் ஓரத்தில் நாங்களே கிறுக்கியிருந்த குறிப்புகளைப் படித்தோம். "ஃப்ளூயன்ட்", "கான்ஃபிடன்ட்", "தயங்குகிறார்". அத்தனை நாளும் அந்தக் கட்டத்தில் நாங்கள் போட்டது ஆங்கிலத்துக்கான மதிப்பெண்.

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன வேலையை வைத்தோம். கண்டுபிடித்த காரணத்தையும், இனி என்ன நடக்கும் என்பதையும் பால் சொசைட்டி செயலாளருக்குப் புரிகிற மாதிரி ஐந்து வரியில் எழுதிக் காட்ட வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.